ரிவிட் சுற்றுகிறதா, கம்பி சீக்கிரம் முறிகிறதா? வீட்டில் கட்டும் விமானத்துக்கு நல்ல பாப் ரிவிட்

பாப் ரிவிட் என்பது தகடுகளை ஒரு பக்கமிருந்தே இணைக்கும் ஆணி. அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வேலை செய்வது அதன் வால். அது தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இறக்கையை மூடிவிட்டால் அங்கே கண்ணும் போகாது, கையும் போகாது. அதனால்தான் இந்தச் சின்னச் சாமானை வாங்குவதிலும் சோதிப்பதிலும் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒன்டாரியோவில் வீட்டுக் கராஜில் ஜெனித் சிஎச் 750 கட்டிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்தது. 6061-டி6 அலுமினியத் தகடு, அதை இணைக்க ஏவெக்ஸ் ரக ரிவிட். ஜெனித் வரைபடத்தில் இரண்டு பெயர் திரும்பத் திரும்ப வரும். ஏ4 என்பது 1/8 அங்குலம், அதாவது 3.2 மி.மீ. ஏ5 என்பது 5/32 அங்குலம், ஏறத்தாழ 4 மி.மீ. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் இந்த விமானத்திலிருந்துதான். ஆர்வி-12 கட்டுபவர்களுக்கும் சோனெக்ஸ் கட்டுபவர்களுக்கும் பிழை பார்க்கும் முறை இதுவேதான். ரிவிட்டின் ரகம் மட்டும் வேறு. சோனெக்ஸில் அதே 6061 தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ரிவிட் வருகிறது. ஒரு விமானத்தின் ரிவிட்டை இன்னொன்றுக்குக் கடன் வாங்கக் கூடாது.

முதலில், மூன்றில் எது?

ரிவிட் சரியாக உட்காரவில்லை என்றால் கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்: துளை, கன் (ரிவிட்டை இழுக்கும் கருவி), ரிவிட். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே ரிவிட், அதே கன், கழிவுத் தகட்டில் புது டிரில் பிட்டால் போட்ட துளை. சரியாக வந்தால் கோளாறு உங்கள் துளையில். வரவில்லையா? அதே துளை அளவு, அதே ரிவிட், வேறு கன். அப்போதும் வரவில்லையென்றால் ரிவிட் பெட்டியை ஓரமாக வையுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

ரிவிட் எப்படி வேலை செய்கிறது என்பது மனதில் இருந்தால் அறிகுறிகள் தாமாகவே பேசும். வெளியே ஓர் அலுமினியக் குழல், ஒரு முனையில் தலை. குழலுக்குள் ஓர் எஃகுக் கம்பி, அதன் மறுமுனையில் ஒரு குண்டு. கன் கம்பியை இழுக்கும்போது குண்டு குழலின் வாலை நசுக்கி விரிக்கிறது, தகடுகள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. கம்பியில் ஓரிடத்தில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். இழுவை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்போது கம்பி அந்த இடுப்பில் முறிகிறது. எவ்வளவு இறுக வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்களும் அல்ல, கன்னும் அல்ல, அந்தப் பள்ளம்தான். நல்ல ரிவிட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறோமே, அந்தப் பள்ளம் ஒவ்வொரு ரிவிட்டிலும் ஒரே மாதிரி இருப்பதற்குத்தான் கொடுக்கிறோம்.

அறிகுறி: கம்பி சீக்கிரம் முறிகிறது, ரிவிட் விரலால் திருப்பினால் சுற்றுகிறது

எனக்கு இது ஒரு பிப்ரவரியில் வந்தது. விமானத்தின் வால் பகுதியான ஸ்டெபிலைசரின் தோலில் பாதி வேலை முடிந்த நிலையில் ஏ4 தீர்ந்துவிட்டது. தபாலில் வர ஒரு வாரம் ஆகும். பக்கத்துக் கருவிக் கடையில் 1/8 அங்குலம் என்று போட்ட ஒரு பெட்டி இருந்தது. அலுமினியம், எஃகுக் கம்பி. அளவும் சரிதானே என்று வாங்கி வந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

முதல் வரிசை முடியும்போதே காது சொன்னது. நல்ல ஏ4 முறியும்போது கன்னில் ஒரு கனமான உதறல் வரும், மணிக்கட்டு வரை தெரியும். இதில் 'டிக்' என்று பென்சில் முனை ஒடிவது போல ஓர் ஓசை, அவ்வளவுதான். தலை பார்க்க அழகாகவே இருந்தது. கட்டைவிரல் நகத்தைத் தலையின் ஓரத்தில் வைத்து அழுத்தித் திருப்பினேன். திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. கைக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கம் பார்த்தபோது வால் விரியவே இல்லை, உளுந்து ஊறியது போல லேசாகப் புடைத்திருந்தது. அன்று போட்ட அத்தனையையும் அடுத்த இரண்டு மாலைகளில் கழற்றினேன்.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டியில் கம்பியின் பள்ளம் ஆழமாக இருந்தது, அதனால் வால் முழுதாக விரியும் முன்பே முறிந்துவிட்டது. கதவுக் கீலுக்கோ மழைநீர்க் குழாய்க்கோ அது போதும். அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தகட்டுக்குப் போதாது.

கூடவே இன்னொன்றும் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஜெனித் கொடுக்கும் ரிவிட் பெட்டியிலிருந்து வரும்போது குமிழ்த் தலை கொண்டது அல்ல. 120 பாகைச் சரிவில் தட்டைத் தலை. கன்னின் மூக்கு குழிவாகக் கடையப்பட்டிருக்கும். இழுக்கும்போது அந்தக் குழி தட்டைத் தலையை அழுத்திக் குமிழாக மாற்றுகிறது, தலையின் விளிம்பு தகட்டோடு படிந்துகொள்கிறது. கடையில் வாங்கியதோ ஏற்கெனவே குமிழ்த் தலை. குழிவான மூக்கு அதன் மேல் சரியாக உட்காராமல் விளிம்பில் வளையமாக ஒரு தழும்பு போட்டிருந்தது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தட்டைத் தலை ஏ4-ஐச் சாதாரண மூக்கால் இழுத்தால் தலையின் சரிவு துளை விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், சுற்றிலும் தகட்டைத் தொடாது. ஆகவே ரிவிட்டும் மூக்கும் ஒரே ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் யோசியுங்கள்.

இந்த அறிகுறி வந்தால் பார்க்க வேண்டிய வரிசை: பெட்டியை நிறுத்துங்கள். துளையை அளந்து பாருங்கள், பெரிதாகியிருந்தால் நல்ல ரிவிட்டும் சுற்றும். தகடுகளின் மொத்தக் கனம் அந்த ரிவிட்டின் பிடிமான எல்லைக்குள், அதாவது அது பிடிக்கக்கூடிய கனத்துக்குள், இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் ரிவிட்டை மேசைக்குக் கொண்டுபோங்கள்.

மேசையில் செய்யும் சோதனை

இப்போது எந்தப் பெட்டி வந்தாலும், பழைய கடையிலிருந்தே வந்தாலும், விமானத்தைத் தொடும் முன் இதைச் செய்கிறேன். 0.025 அங்குல 6061 கழிவுத் தகட்டில் ஒரு அங்குல அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, 30ம் நம்பர் பிட்டால் பத்துத் துளை. பெட்டியின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று பத்து ரிவிட் பொறுக்கி இழுக்கிறேன்.

கன்னிலிருந்து விழும் முறிந்த கம்பிகளைக் குப்பையில் போடாதீர்கள். பத்தையும் கூர்முனை ஒரே பக்கம் இருக்கும்படி ஒரு ஸ்கேலின் ஓரமாக வரிசையாக அடுக்குங்கள். பள்ளம் எல்லாக் கம்பியிலும் ஒரே இடத்தில் இருப்பதால், தகட்டின் கனம் எதுவானாலும், விழும் துண்டின் நீளம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நல்ல பெட்டியில் பத்தும் சீப்பின் பற்களைப் போல ஒரே மட்டத்தில் நிற்கும். கடையில் வாங்கிய அந்தப் பெட்டியில் மூன்று துண்டு மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருந்தது. ஒன்று, இரண்டு தயாரிப்பு கலந்திருக்கிறது. இல்லையென்றால், கம்பி பள்ளத்தில் முறியாமல் தோன்றிய இடத்தில் முறிகிறது. இரண்டில் எதுவானாலும் அந்தப் பெட்டி விமானத்துக்கு ஆகாது.

அடுத்து ஒரு ரிவிட்டை வைஸில் பக்கவாட்டில் பிடித்து, தட்டை அரத்தால் பாதி வரை தேய்த்துவிடுங்கள். அவசரப்படாமல், ரிவிட்டின் நடு அச்சு வரும் வரை. கடைசியில் ஈரத்தில் உப்புத்தாளால் ஒரு தேய். இப்போது குறுக்குவெட்டு கண்ணுக்குத் தெரியும். குழலின் சுவர் துளைச் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? இரண்டு தகடுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறதா? முறிந்த கம்பியின் மீதித் துண்டு இரண்டு தகடுகள் சேரும் கோட்டைத் தாண்டி உள்ளே நிற்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கம்பி அந்தக் கோட்டைக் குறுக்கிட்டு நின்றால் வெட்டு விசையைக் குழலும் கம்பியும் சேர்ந்து தாங்கும். கம்பி விழுந்துவிட்டால் மிச்சம் ஒரு வெற்று அலுமினியக் குழல்தான். முதல்முறை இப்படி ஒன்றைத் தேய்த்துப் பார்த்த நாளில்தான் ரிவிட் பட்டியலில் பிடிமான எல்லை என்று போட்டிருக்கும் எண்ணின் அருமை எனக்குப் புரிந்தது.

கடைசியாக, மீதிப் பட்டையை வைஸில் பிடித்துப் பிரித்து எடுங்கள். கிழிவது ரிவிட்டா, துளையைச் சுற்றிய தகடா என்று பாருங்கள். மெல்லிய தகட்டில், நல்ல ரிவிட்டென்றால் தகடு நீண்டு கிழியத் தொடங்கும். தலை தனியாகத் தெறித்தால் அந்தப் பெட்டியை எடுத்த இடத்துக்கே அனுப்புங்கள்.

வாங்கும்போது: அளவு அல்ல, எண்

'1/8 அங்குல அலுமினிய ரிவிட்' என்பது ஒரு சாமானின் பெயர் அல்ல. அந்த வர்ணனைக்குள் டஜன் கணக்கில் வெவ்வேறு ரிவிட் அடங்கும். வரைபடமோ உதிரிப்பாகப் பட்டியலோ எந்த எண்ணைச் சொல்கிறதோ அந்த எண் வேண்டும்.

எண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். ஏடி 42 பிஎஸ் என்று ஒரு பெட்டியில் போட்டிருந்தால்: ஏ அலுமினியக் குழல், டி குமிழ்த் தலை, 4 என்பது விட்டம் 32-இல் 4 பங்கு அங்குலம், 2 என்பது பிடிக்கக்கூடிய அதிகபட்சக் கனம் 16-இல் 2 பங்கு அங்குலம், கடைசி எஸ் எஃகுக் கம்பி. அந்தக் கடைசி எழுத்து மாறி அலுமினியக் கம்பி வந்தால் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், இறுகும் விசை வெகுவாகக் குறைவு. மெட்ரிக் பெட்டிகளில் ஐஎஸ்ஓ 15977 என்றிருந்தால் அலுமினியக் குழல், எஃகுக் கம்பி, குமிழ்த் தலை. 15978 அதன் தட்டைத் தலை உறவு. 15983 ஸ்டெயின்லெஸ். இந்தத் தர எண்கள் வடிவத்தையும் குறைந்தபட்ச பலத்தையும் சொல்லும். உங்கள் விமானத்தின் வடிவமைப்பாளர் சோதித்த ரிவிட் இதுதான் என்று அவை சொல்லாது.

நிறுவனப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'பாப்' என்பதே ஒரு வணிகப் பெயர், ஏவெக்ஸ் ஆவ்டெல் நிறுவனத்தின் வணிகப் பெயர். 2013-இல் இருந்து இரண்டும் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரின் குடைக்குள் இருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் முன்பு பார்த்ததிலிருந்து மாறியிருந்தால் அதுவே போலி என்று ஆகாது. எண்ணும் தொகுதிக் குறியும் இருக்கின்றனவா, விற்பவர் ஒத்திசைவுச் சான்று தருகிறாரா என்று பாருங்கள். தொகுதிக் குறி இல்லாத, வெறும் பிளாஸ்டிக் பையில் எடை போட்டு வரும் ரிவிட்டை நான் தொடுவதில்லை.

எனக்கு மிகக் குறைந்த தலைவலி தருவது விமானத்தின் பாகங்களைக் கிட்டாக விற்பவரிடமே வாங்குவது. ஜெனித் என்றால் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் மெக்சிகோ என்ற ஊரிலிருந்து வரும். விலை கொஞ்சம் கூடும், ஆனால் மூக்கும் ரிவிட்டும் ஜோடி மாறாது. விமானச் சாமான் கடைகளில் ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸுக்கு இங்கே பிராண்ட்ஃபோர்டில் கிளை இருக்கிறது, எண்ணைச் சொன்னால் அந்த எண்ணே வரும். கிட்டோடு வந்த ரிவிட் தீரும் வரை காத்திருக்க வேண்டாம். கால்வாசிப் பை இருக்கும்போதே அடுத்ததை எழுதிவிடுங்கள். பிப்ரவரியில் எனக்கு வந்த தவறின் வேர் அந்த ஒரு வாரக் காத்திருப்புதான்.

செர்ரிமேக்ஸ் என்ற இன்னொரு ரக ரிவிட்டைப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். சிஆர் 3213 வரிசை அருமையான ரிவிட். கம்பி விழாமல் இருக்க அதில் பூட்டு வளையமே இருக்கிறது. ஆனால் அதன் பிடிமானப் படி ஒவ்வொன்றும் 1/16 அங்குலம்தான். கனம் மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு நீளம், கன்னுக்கு வேறு தலை. விலையும் பல மடங்கு. தவிர, மெல்லிய தகட்டில் ரிவிட்டை மட்டும் பலமாக்கினால் இணைப்பு பலமாகிவிடாது, தகடு முதலில் கிழியும். வரைபடம் கேட்கும் இடத்தில் போடுங்கள், மற்ற இடத்தில் வேண்டாம்.

அறிகுறி: கம்பி முறியவே மாட்டேன் என்கிறது

பத்தில் எட்டுத் தடவை கன்தான். தாடைகளின் பற்களுக்கிடையே உலோகத்தூள் அடைத்துக்கொண்டு கம்பியில் வழுக்கும். கழற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பற்கள் மழுங்கியிருந்தால் தாடையை மாற்றுங்கள், விலை அதிகமில்லை. காற்றுக் கன் என்றால் கம்ப்ரெஸரில் 90 பிஎஸ்ஐ அளவுக்கு இருக்கிறதா, ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்து இழுப்பு நீளம் சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். இங்கே குளிரில் கராஜ் சூடேறும் முன் வேலையைத் தொடங்கினால் முதல் ஐம்பது ரிவிட் தடுமாறும், கன் சூடானதும் சரியாகும்.

கன் சரியாக இருந்தும் முறியாமல், கம்பியின் குண்டு குழலுக்குள் நுழைந்து முழுக் கம்பியும் வெளியே வந்துவிட்டால் துளை பெரிது, அல்லது குழல் மெத்தென்று இருக்கிறது, அல்லது தகட்டின் கனத்துக்கு ரிவிட் நீளம். இந்த ரிவிட் பிடிக்கவே இல்லை. எடுத்துவிட்டு மேசைச் சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி: தலைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய தாள் நுழைகிறது

கிட்டத்தட்ட எப்போதும் துளையின் பிசிறுதான். தகடுகளைக் கிளீக்கோ (துளை வழியாகத் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்வி) போட்டுச் சேர்த்து டிரில் செய்தபின் பிரித்து, இரண்டு பக்கமும் பிசிறு எடுத்து, தூளைத் துடைத்து மறுபடி சேர்க்க வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தப்பிக்க வழி இல்லை. இடையில் ஒரு சுருள் மாட்டினாலும் அதைச் சுற்றித் தகடு இறுகாது. 1/8 துளைக்குச் செம்பு நிறக் கிளீக்கோ, 5/32-க்குக் கறுப்பு. நிறம் மாறினால் அப்போதே தெரிந்துவிடும்.

பிசிறு இல்லையென்றால் கன்னைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்தீர்களா? இறக்கையின் உள் சட்டமான விலா எலும்பின் மடிப்பு இடித்து கன் சாயும் இடங்களில் ஒரு பக்கம் மட்டும் தூக்கி நிற்கும். அங்கே நீண்ட மூக்கைப் பயன்படுத்துங்கள். சாய்த்து இழுத்துவிட்டு மேலே தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தலை படியும், வால் தளரும்.

அறிகுறி: முறிந்த கம்பி தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கிறது

தகட்டின் கனம் பிடிமான எல்லையின் விளிம்பில் இருக்கிறது, அல்லது கன்னை அழுத்திப் பிடிக்காமல் இழுத்திருக்கிறீர்கள். வரிசையில் ஒன்றிரண்டு என்றால் மென்மையாகத் தேய்த்துவிடலாம், கம்பி இறுக்கமாக இருக்கும்வரை கவலை இல்லை. வரிசை முழுக்க அப்படி என்றால் அந்த இடத்தில் தகடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அங்கே வரைபடம் வேறு நீளம் கேட்டிருக்கும், நாம் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்போம்.

அறிகுறி: ரிவிட் துளைக்குள் போகவில்லை, அல்லது லொடலொடக்கிறது

அங்குலமும் மில்லிமீட்டரும் கலக்கும் இடம் இது. ஏ4-க்கு 30ம் நம்பர் பிட், விட்டம் 0.1285 அங்குலம், அதாவது 3.26 மி.மீ. ஏ5-க்கு 20ம் நம்பர், 0.161 அங்குலம், 4.09 மி.மீ. எண் குறையக் குறையப் பிட் பெருக்கும் என்பது புதிதாக வருபவரைக் குழப்பும். 40ம் நம்பரில் வழிகாட்டித் துளை, பிறகு 30. 3.2 மி.மீ பிட் பக்கத்தில் கிடக்கிறதே என்று எடுத்தால் ரிவிட் இறுகிக்கொண்டு நுழையாது, சுத்தியலால் தட்டத் தோன்றும். தட்டாதீர்கள், குழல் நசுங்கும்.

லொடலொடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய பிட் ஆடியது. துளை வட்டமாக இல்லாமல் முக்கோணம் போல இருக்கும். வெர்னியரால் புது ரிவிட் ஐந்தை அளந்து, துளையில் 30ம் நம்பர் பிட்டின் தண்டையே விட்டுப் பாருங்கள். ரிவிட் சரி, துளை பெரிது என்றால் ஏ5-க்கு ஏறலாம். ஆனால் துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை குறைந்தது ரிவிட் விட்டத்தின் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் கிட் நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதிக் கேளுங்கள்.

அறிகுறி: இறக்கையைத் தூக்கினால் உள்ளே ஏதோ உருளுகிறது

கம்பியின் குண்டோ முறிந்த துண்டோ உள்ளே விழுந்திருக்கிறது. எத்தனை ரிவிட் இதைச் செய்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு மெல்லிய ஊசியைத் தலையின் நடுவில் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே வரிசையில் போங்கள். கம்பி இல்லாத ரிவிட்டில் ஊசி ஆழமாகப் போகும். அவை எல்லாம் மாற்றப்பட வேண்டியவை. கழற்றும்போது விழுந்த பழைய துண்டுகளையும் காந்தம் கட்டிய ஒரு வளைந்த கம்பியால் எடுங்கள். கம்பி எஃகு என்பதால் ஒட்டிக்கொண்டு வரும், அலுமினியக் குழலுக்கு வேக்குவம்தான். கனடாவில் மூடுவதற்கு முன், வீட்டில் கட்டும் விமானங்களை ஆய்வு செய்யும் எம்டி-ஆர்ஏ அமைப்பின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அவர் வரும் வரை வைத்திருக்காமல், முந்தைய நாளே விளக்கை அணைத்து டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் அறையையும் பாருங்கள். இருட்டில் பக்கவாட்டு வெளிச்சத்தில் தூக்கி நிற்கும் தலை நிழல் போடும்.

அறிகுறி: பழுப்புக் கோடு, கறுப்புக் கோடு

பழுப்பு என்றால் துரு. துத்தநாகம் பூசிய கம்பியானாலும் முறிந்த முகம் வெறும் எஃகு. மழையில் அங்கே ஒரு புள்ளி துரு வந்து வண்ணத்தின் மேல் வழியும். வண்ணம் அடிக்கும் முன் ஒவ்வொரு ரிவிட்டின் நடுவிலும் ஒரு துளி பிரைமர் வைத்தால் போதும். தலையே பழுத்தால் விஷயம் வேறு. குழலும் எஃகா என்று பாருங்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் ஒரு புது ரிவிட்டில் கம்பியைக் கூர்முனைப் பக்கமிருந்து தட்டி வெளியே தள்ளிவிட்டு, வெறும் குழலைக் காந்தத்தில் வையுங்கள். ஒட்டினால் அது அலுமினியம் அல்ல.

ஸ்டெயின்லெஸ் ரிவிட் அலுமினியத் தகட்டில் அரிக்காதா என்ற பயம் நியாயமானது. சின்ன ஸ்டெயின்லெஸ், பெரிய அலுமினியம் என்றால் அரிப்பு பரவலாகி மெதுவாகும், பிரைமர் தொட்டுப் போட்டால் இன்னும் மெதுவாகும். தலைகீழ்தான் ஆபத்து. ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவிட் போட்டால் ரிவிட்டைத் தின்றுவிடும். என்ஜினுக்கும் அறைக்கும் இடையே தீயைத் தடுக்கும் சுவரான ஃபயர்வாலுக்கு அலுமினிய ரிவிட் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். என்ஜின் அறையில் தீ பிடித்தால் முதலில் போவது அந்த ரிவிட்.

கறுப்புக் கோடு பறந்தபின்தான் தெரியும். ரிவிட்டின் பின்புறம் காற்று போகும் திசையில் புகைக்கரி போல ஒரு வால். புகையும் ரிவிட் என்பார்கள். ரிவிட் தளர்ந்து ஆடி, அலுமினியம் அலுமினியத்தோடு உரசி வரும் தூள் அது. துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். துடைத்து, பென்சிலால் வட்டமிட்டு, அடுத்த பறப்புக்குப்பின் பாருங்கள். மறுபடி வந்தால் அதையும் அதன் இரு பக்கத்து ரிவிட்டையும் மாற்றுங்கள். ஒன்று தளர்ந்தால் அதன் சுமை பக்கத்தில் இருப்பவற்றின் மேல் ஏறியிருக்கும்.

கெட்டதை எடுப்பது

எஃகுக் கம்பி நடுவில் இருக்கும்போது நேராக டிரில் வைத்தால் பிட் வழுக்கிப் பக்கத்துத் தகட்டைக் கீறும், அல்லது துளையை நீட்டிவிடும். முதலில் மெல்லிய பஞ்ச் கருவியை வைத்துக் கம்பியைப் பின்னால் தட்டி வெளியேற்றுங்கள். பிறகு 30ம் நம்பர் பிட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, அல்லது மிகக் குறைந்த வேகத்தில், தலையை மட்டும். தலை பிரிந்து பிட்டோடு சுற்றத் தொடங்கியதும் நிறுத்தி, மீதிக் குழலைப் பஞ்ச் கருவியால் தள்ளுங்கள். ரிவிட்டே சுற்றினால் தலையின் ஓரத்தில் மெல்லிய உளியை லேசாக வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிப் பிடியுங்கள். எடுத்தபின் துளையை மறுபடி அளந்து, 30ம் நம்பர் தண்டு ஆடாமல் நுழைந்தால் அதே ஏ4. ஆடினால் மேலே சொன்ன ஏ5 கணக்கு.

மாற்றியதைக் கட்டுமானப் பதிவேட்டில் எழுதுங்கள்: எந்த வரிசை, எத்தனை, எந்தப் பெட்டியின் தொகுதிக் குறி. என் பதிவேட்டில் ஸ்டெபிலைசர் பக்கத்தில் அந்தப் பிப்ரவரி வரிசை சிவப்பு மையில் இருக்கிறது. அதற்கு எதிரே புதுப் பெட்டியின் தொகுதிக் குறியும், அதிலிருந்து சோதித்த பத்துக் கம்பித் துண்டுகள் டேப்பில் ஒட்டியும் இருக்கின்றன.